காற்பந்து வீராங்கனை லில்லி பார் (1905 – 1978)

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கில் செயின்ட் ஹெலன்ஸ் என்றோர் ஊர் உண்டு. கண்ணாடி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த உழைப்பாளர் ஊர் அது. அவ்வூரில், கண்ணாடி ஆலையில் கூலி வேலை செய்துவந்த ஒருவரின் ஏழு மக்களுள் நான்காவதாக, 1905ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 26ஆம் நாள் லில்லி பார் பிறந்தார். வீட்டருகே இருந்த வெற்று நிலமே அவருக்கு விளையாட்டுத் திடல். உடன்பிறந்த ஆண்பிள்ளைகளே அவருக்கு ஆசான்கள். அவர்களோடு ஓயாமல் பந்து உதைத்துப் பழகியதால், அவருடைய இடக்கால் வியத்தகு வலிமை பெற்றது.

அந்நாளில் முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால், தொழிற்சாலை வேலைகளைப் பெண்கள் ஏற்றனர். பிரஸ்டன் நகரில் பீரங்கிக் குண்டுகள் செய்த டிக், கெர் தொழிற்சாலையின் பெண்கள், ஓய்வு வேளையில் பந்தாடத் தொடங்கினர். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காணப் பத்தாயிரம் பேர் கூடினர். இவ்வாறு பிறந்ததே டிக், கெர் பெண்கள் குழு.

1920ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதினைந்து வயதில், லில்லி பார் அக்குழுவில் சேர்ந்தார். தொழிற்சாலையில் வேலையும், ஆட்டம் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் ஈட்டுத்தொகையும் அவருக்குக் கிடைத்தன. இடப்புற ஓரமாகப் பாய்ந்து சென்று பந்தைக் கோலுக்குள் செலுத்துவதில் அவருக்கு நிகர் எவருமில்லை. மழையில் நனைந்து கனத்த தோற்பந்தையும் திடலின் குறுக்கே நெடுந்தொலைவு உதைக்க வல்லவர் அவர்.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அக்குழு ஆடியபோது, 53,000 பேர் திரண்டனர். இடமின்றித் திரும்பிச் சென்றோரும் பல்லாயிரவர். நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த பணம் நற்பணிகளுக்கே சென்றது. 1921ஆம் ஆண்டில், குறைந்த கூலிக்கு உடன்படாத சுரங்கத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைத்தனர். பட்டினியால் வாடிய அக்குடும்பங்களுக்கு உதவ, பல ஊர்களில் பெண்கள் பந்தாடி நிதி திரட்டினர். கூலி இல்லாத நாளில் அடுப்பு எரியாது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோரும் நன்கு அறிவர்.

அந்தோ! அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் பேரிடி ஒன்று விழுந்தது. காற்பந்து பெண்களுக்கு ஒவ்வாத விளையாட்டு என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அறிவித்தது. திரட்டிய நிதி முழுவதும் நற்பணிக்குச் சென்றதா என்ற ஐயத்தையும் அது கிளப்பியது. சங்கத்தைச் சார்ந்த திடல் எதிலும் பெண்கள் ஆடலாகாது என்று தடை விதித்தது. ஐம்பதாயிரம் பேரின் கரவொலி கேட்டவர்கள், ஒரே நாளில் ஆடத் திடலற்றவர் ஆயினர்.

ஆயினும் லில்லி பார் தளரவில்லை. 1922ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், குழுவினரோடு கப்பலேறிக் கடல் கடந்தார். கனடாவில் ஆடலாம் என்று நம்பிச் சென்றனர். அங்கும் தடை காத்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவை அடைந்தபோதோ, தம்மை எதிர்த்து ஆடவிருப்பவை ஆடவர் குழுக்கள் என்பதை அறிந்தனர். அதற்கும் அவர்கள் அஞ்சவில்லை. ஒன்பது ஆட்டங்கள் ஆடி, சிலவற்றில் வென்றும், சிலவற்றில் சமன் செய்தும், சிலவற்றில் தோற்றும், தலைநிமிர்ந்து நாடு திரும்பினர்.

பின்னர் லில்லி பார் மனநோயாளர் மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணிபுரிந்தார். பணி நேரம் போக, கிடைத்த திடலில் எல்லாம் ஆடினார். 1951ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவர் ஆட்டம் தொடர்ந்தது. அவர் அடித்த கோல்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை என்பர்.

அரை நூற்றாண்டு நீடித்த அத்தடை 1971ஆம் ஆண்டில் நீங்கியது. அப்போது லில்லி பாரின் வயது அறுபத்தாறு. 1975ஆம் ஆண்டு ஹாங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் காற்பந்துப் போட்டி நடைபெற்றது. நம் மலேசியப் பெண்களும் அதில் களமிறங்கினர். இக்காலத்தைக் கண்டபின், 1978ஆம் ஆண்டு மே திங்கள் 24ஆம் நாள் அவ்வீராங்கனை இயற்கை எய்தினார். 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேசியக் காற்பந்து அருங்காட்சியகம், புகழ்வீரர் வரிசையில் அவரை முதல் பெண்ணாகச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால் அந்தச் சிறப்புகளைக் காண அவர் உயிரோடு இல்லை.

மாணவச் செல்வங்களே! தடை விதித்தோரின் பெயர்களை உலகம் மறந்தது. பந்தை விடாதவரின் பெயரோ நிலைத்தது. பெற்றோர்களே! நம் பேராக் மாநிலத் தோட்டங்களில் மாலை வேளையில் ஆண்பிள்ளைகள் பந்தாட, பெண்பிள்ளைகள் தண்ணீர் சுமந்தும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டும் நின்ற காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தை விட்டு ஈப்போவிலும் பிற ஊர்களிலும் குடியேறிய நாம், அவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவர வேண்டுவதில்லை. பள்ளித் திடலில் ஆட விரும்பும் மகளை மறிக்காதீர்கள். பாடநூலோடு பந்தையும் அவள் கையில் கொடுங்கள். திறமை எந்த வீட்டில் பிறந்திருக்கிறது என்பதைத் திடலில் இறங்கிய பின்னரே அறிய முடியும்.