நூர் இனாயத் கான்

தில்லி நிஜாமுதீனில் ஹஸரத் இனாயத் கானின் சமாதியைக் கண்டோர் நம்முள் சிலர் இருக்கலாம். பரோடாவில் பிறந்த அந்த வீணை வித்துவானின் மகள் நூர், 1914இல் மாஸ்கோவில் பிறந்து, பாரிஸ் அருகே வளர்ந்தவர். புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்க்காக எழுதிய அம்மென்மையான பெண்மணி, கம்பியில்லாத் தந்தி கற்று, 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் பிரிட்டனின் ஒற்றராக நுழைந்தார்!

சில நாட்களிலேயே தோழர்கள் பிடிபட்டனர். லண்டன் திரும்பி வர அழைத்தும் அவர் மறுத்தார். செய்தி அனுப்ப நேரம் நீண்டால், அலை வரும் திசையைக் கருவிகளால் அளந்து எதிரிகள் வீட்டையே கண்டுபிடித்துவிடுவர். ஆகவே சுருங்க அனுப்பி, உடனே கருவிப் பெட்டியுடன் இடம் மாறுவார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

ஒரு பிழையை நாம் மறைத்தல் தகாது. அனுப்பிய செய்திகளை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டு ஜெர்மானியர் அவர் பெயராலேயே லண்டனுடன் பேசினர். நம்பி வந்த ஒற்றர் சிலர் வலையில் வீழ்ந்தனர். ஐயத்திற்கு இடமிருந்தும் லண்டன் அதிகாரிகள் விழித்துக்கொள்ளவில்லை. குற்றம் நூருடையது மட்டுமன்று.

விலங்கிட்ட நிலையிலும் அவர் வாய் திறக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. ஜார்ஜ் சிலுவை விருது 1949இல் வந்தது.