கல்யாண விதியால் உயிர் போனது... அருளானந்தர் புனிதர் பட்டம் தள்ளிப்போனது ஏன்?

ஒரே பாலின ஜோடிகளுக்கு ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணம் ஆகாது என 2023 டிசம்பரில் வாடிகன் சொன்னதும், ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் எதிர்த்தார்கள். கல்யாண விஷயத்தில் திருச்சபைக்குள்ளேயே சண்டை வருவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. அருளானந்தர் கதையிலேயே அது இருக்கு.

1647-ல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் இவர். மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, இறைச்சி தொடாமல் சாமியாராகவே வாழ்ந்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, போர்ச்சுகல் போனவர் 1690-ல் மறுபடியும் வந்துவிட்டார்.

1693 ஜனவரியில் தடியத்தேவன் என்ற தலைவர் ஞானஸ்நானம் பெற்றார். நிபந்தனை, ஒரே மனைவி. விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அந்தப் பெண்ணை புகார் சொன்னவராக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். வாழ்க்கையை இழந்தவரும் அவர்தானே?

சண்டை அதோடு முடியலை. உள்ளூர் வழக்கங்களை இயேசு சபையினர் அனுமதித்தது தப்பு என்றார்கள் புதுச்சேரி கப்புச்சின் துறவிகள். விசாரிக்க வந்த போப்பின் தூதர் டூர்னோன், 1704-ல் அதே புதுச்சேரியில் தடை ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, குழந்தைத் திருமணம் எல்லாம் கூடாது. இன்றைக்கு கள்ளக்குறிச்சி கத்தோலிக்கர்களுக்கும் பேராயர் இருப்பது அந்த ஊரில்தான்.

அருளானந்தரும் அந்த வழக்கங்களை ஏற்றவர் என்பதால் ரோமில் ஆட்சேபம் எழுந்தது. அது தடையில்லை என 1741-ல் போப் 14-ம் பெனடிக்ட் தீர்ப்பளித்தார். ஆனாலும் 1853-ல்தான் முக்திப்பேறு பட்டம், புனிதர் பட்டம் 1947-ல்.