ஆட்சி மாறினால் அது புரட்சியா? ஹைத்தியின் டூசான் லூவெர்தூர் கதை

எங்கேயாவது ஆட்சி கவிழ்ந்தால் உடனே ‘புரட்சி’ன்னு சொல்லிடறோம். ஆனால் நாற்காலியில் ஆள் மாறினால் மட்டும் போதுமா? டூசான் லூவெர்தூரின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான பதில்.

யார் இவர்?

கரீபியன் கடலில் இருக்கும் இன்றைய ஹைத்தி, 18-ம் நூற்றாண்டில் சான் டொமிங்கு என்ற பிரெஞ்சு காலனி. சர்க்கரையும் காபியும் பிரான்சுக்குப் பணமாகக் கொட்டின. அதற்காக உழைத்தவர்கள் சுமார் 5 லட்சம் கறுப்பின அடிமைகள். அங்கே பிரேடா என்ற தோட்டத்தில் 1740-களில் அடிமையாகப் பிறந்தவர் டூசான். குதிரைகளைப் பார்த்துக்கொள்வது, வண்டி ஓட்டுவதுதான் வேலை. 1776-க்குள் அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

1791: முதலில் கேட்டது என்ன?

1791 ஆகஸ்டில் வடபகுதித் தோட்டங்கள் பற்றி எரிந்தன. டூசானும் சேர்ந்துகொண்டார். ஆனால் சில மாதங்களிலேயே தலைவர்கள் பேரம் பேச உட்கார்ந்தார்கள். தங்களில் சில நூறு பேருக்கு விடுதலை, மற்றவர்களுக்குக் கொஞ்சம் நல்ல நடத்தை. அவ்ளோதான்! இந்தப் பேச்சில் டூசானுக்கும் பங்கு இருந்தது. தோட்ட முதலாளிகள் அதற்கும் மறுத்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால், இது ஒரு கிளர்ச்சியோடு முடிந்திருக்கும்.

எப்போது புரட்சி ஆனது?

சிலருக்கு விடுதலை என்பது போய், எல்லோருக்கும் விடுதலை என்று கோரிக்கை மாறியபோது. 1793-ல் காலனியில் இருந்த பிரெஞ்சு ஆணையர்கள் அடிமைமுறையை ஒழிப்பதாக அறிவித்தார்கள். 1794 பிப்ரவரியில் பாரிஸும் அதை ஏற்றது. அதுவரை ஸ்பெயின் படையோடு இருந்த டூசான், அந்த ஆண்டே பிரான்ஸ் பக்கம் வந்தார். 1801-ல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டம், அந்த மண்ணில் இனி அடிமை என்று யாரும் இருக்க முடியாது என்றது. மனிதனை விற்கலாம், வாங்கலாம் என்ற உரிமையே செல்லாமல் போனது.

அப்போ சங்கடம் எங்கே?

அதே சட்டம் டூசானை ஆயுள்கால ஆளுநர் ஆக்கியது. போரால் சிதைந்த பொருளாதாரத்தை நிமிர்த்த ஏற்றுமதி வேண்டும், ஏற்றுமதிக்குத் தோட்டம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் விடுதலை பெற்றவர்களையே மறுபடி தோட்டத்துக்கு அனுப்பினார். கூலியாக விளைச்சலில் பங்கு உண்டு. ஆனால் வேலையை விட்டுப் போக முடியாது. ராணுவம் கண்காணித்தது. மக்கள் விரும்பியதோ தங்களுக்கென்று ஒரு துண்டு நிலம்.

1801 அக்டோபரில் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். அதற்காகத் தன் உறவினரும் தளபதியுமான மொய்ஸையே டூசான் சுட்டுக்கொல்ல வைத்தார்.

முடிவு என்ன ஆனது?

1802-ல் நெப்போலியனின் படை வந்தது. பேச்சுவார்த்தைக்கு அழைத்து டூசானைக் கைது செய்தார்கள். 1803 ஏப்ரல் 7-ல், பிரான்சின் குளிர்மலைக் கோட்டைச் சிறையில் இறந்தார். ஆனால் போராட்டம் நிற்கவில்லை. குவாடலூப் தீவில் அடிமைமுறை திரும்பிவிட்டது என்ற செய்தி வந்ததும் மக்கள் மறுபடி எழுந்தார்கள். 1804 ஜனவரி 1-ல் டெசலீன் தலைமையில் ஹைத்தி சுதந்திர நாடானது.

தலைவர் போன பிறகும் மக்கள் பழைய நிலைக்குத் திரும்ப மறுத்தார்களே, அதனால்தான் அது புரட்சி. ஆனால் நிலமும் உழைப்பும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் டூசான் ஆட்சியில் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த முறை எங்காவது ஆட்சி கவிழ்ந்தால், புதிதாக வந்தவர் யார் என்பதோடு இதையும் பாருங்கள்: அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போகிறவரின் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது?