ஒபதியாவும் ‘கேர்’ என்னும் சொல்லும்

தென்னித்தாலியின் ஒப்பிதோ ஊரில் நார்மானியக் குடும்பமொன்றில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர் யோவான்னெஸ். உடன்பிறந்த ரோஜர் போர்த்தொழிலுக்கும், இவர் குருத்துவக் கல்விக்கும் உரியவராயினர். பாரி நகரப் பேராயர் அந்திரேயா யூத நெறி தழுவிய செய்தி இளமையிலேயே இவரை எட்டியிருந்தது. 1102இல் இவரும் அந்நெறியை ஏற்று ஒபதியா எனப் பெயர் பூண்டார். இப்பெயர்த்தேர்வு தற்செயலானதாகத் தோன்றவில்லை. இறைவாக்கினர் ஒபதியா ஏதோமியராயிருந்து யூதரானவர் என்பது தல்மூத் மரபு. இடைக்கால யூதரோ கிறித்தவ உலகையே ஏதோம் என வழங்கினர்.

அவர் பெயரோடு ஒட்டிய ‘கேர்’ என்னும் அடை, தங்கி வாழ்தலைக் குறிக்கும் எபிரேய வினையடியாகப் பிறந்தது. விவிலியத்தில் அது இசுரயேலரிடையே குடியிருந்த வேற்றினத்தானைச் சுட்டியது. பின்னர் ரபிகள் நெறியை முழுமையாகத் தழுவியவனைக் ‘கேர் ட்செதெக்’ எனவும், நோவாவின் ஏழு கட்டளைகளை மட்டும் ஏற்றவனைக் ‘கேர் தோஷாவ்’ எனவும் பிரித்தனர், பெண்பாற்சொல் ‘கியோரெத்’. தமிழ் விவிலியம் பழைய ஏற்பாட்டில் ‘அந்நியன்’ என்றும், புதிய ஏற்பாட்டில் ‘யூதமார்க்கத்தமைந்தவர்’ என்றும் இருவேறு சொற்களால் உணர்த்துவதை எபிரேயம் ஒரே சொல்லில் வைத்திருந்தது.

ஒபதியாவின் வாழ்விலும் இவ்விரு பொருளும் பிரியவில்லை. அலெப்போவில் ரபி பாரூக் அளித்த பரிந்துரை மடலே பிற ஊர்களில் அவருக்கு அறிமுகமாயிற்று. பாக்தாத்தில், கற்றறிந்த குருத்துவ மாணவரான அவர், அனாதைச் சிறுவரோடு அமர்ந்து எபிரேயமும் மோசேயின் சட்டமும் கற்றார். 1121இல் தாண் என்னுமிடத்தில், தன்னையே மெசியா என அறிவித்துக்கொண்ட சாலமோன் என்பாரைச் சந்தித்தார். பின்னர்த் தீர் நகர் வழியே எகிப்தை அடைந்தார்.

தம் கையால் படியெடுத்த வழிபாட்டு நூலில் தம்மை நார்மானியக் கேர் என்றே பதிந்துள்ளார். யூத வழிபாட்டிலோ முன்னோரின் கடவுள் என்னும் விளி மையமானது. பிறப்பால் யூதரல்லாதவர் அம்முன்னோரைத் தம்முடையவராகச் சொல்லலாமா என்பது பழைய சிக்கல். மிஷ்னா அதற்கு இடந்தரவில்லை, எருசலேம் தல்மூதில் மாற்றுக்கருத்து உண்டு. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், ஒபதியா என்னும் பெயருடைய வேறொரு கேருக்கு, சொல்லலாம் எனத் தீர்ப்பெழுதினார்.

ஒபதியா தம் வரலாற்றை எபிரேயத்தில் படர்க்கையில் எழுதினார். அதன் ஏடுகள் கெய்ரோ கெனிசாவிலிருந்து கேம்பிரிட்ஜ், புடாபெஸ்ட் முதலிய இடங்களுக்குச் சிதறின. கெனிசாவிலேயே கிடைத்த எபிரேயப் பாடலொன்று இத்தாலியத் திருச்சபையின் இசைக்குறிகளோடு எழுதப்பட்டிருந்தது. யூத இசைக்குறியீட்டுச் சான்றுகளுள் இதுவே மிகப் பழையது. எழுதிய கை ஒபதியாவுடையதே என்பதை, கையெழுத்தை ஒப்பிட்டு 1965இல் நார்மன் கோல்பும் அலெக்சாண்டர் ஷைபெரும் நிறுவினர்.