சேவையும் நீதியும் – கிளாரா பார்ட்டன் அம்மையார்

டிசம்பர் 25 உலக மீட்பரின் பிறந்த நாளாக நாம் மகிழ்ந்து கொண்டாடும் நாள். 1821-ஆம் ஆண்டு அதே நன்னாளில், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்து குழந்தைகளுள் கடைக்குட்டியான அக்குழந்தையே, பிற்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் ஆவார். போரில் காயமடைந்தோருக்குத் தொண்டு செய்தவர் என்று அவரை நாம் அறிவோம். ஆனால் பெண்ணின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று உறுதியாய் நின்றவர் அவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிறு வயதில் கிளாரா மிகுந்த கூச்சம் உடையவர். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே அஞ்சுவார். அவருக்குப் பதினொரு வயதானபோது, அண்ணன் டேவிட் களஞ்சியத்தின் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அண்ணனின் கட்டிலருகே இருந்து மருந்து கொடுத்துப் பராமரித்தவர் அச்சிறுமியே. அவருடைய தொண்டு வாழ்வின் தொடக்கம் அதுவே எனலாம்.

பதினேழாம் வயதில், 1839-ஆம் ஆண்டு, அவர் பள்ளி ஆசிரியையானார். முரட்டுப் பையன்களைக்கூட அடிக்காமலேயே அன்பினால் அடக்கி நல்ல பெயர் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் பள்ளிகள் பெருகி வந்தன. பெண்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்பதற்காகவே பல ஊர்களில் ஆசிரியைகளைத் தேடி அமர்த்தினார்கள். ஆண் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன். பெண்ணோ திருமணமாகும் வரைதான் வேலை பார்ப்பாள் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். கிளாரா இதை ஏற்கவில்லை. சம்பளமே வாங்காமல் கற்பிக்க அவர் மனம் ஒப்பும்; ஆனால் சம்பளம் என்று ஒன்று வாங்கினால், ஆண் செய்யும் அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்ய ஒருபோதும் ஒப்பாது. இதுவே அவரது கொள்கை.

இக்கொள்கைக்குச் சோதனையும் வந்தது. 1852-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் போர்டன்டவுன் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே ஏழைப் பிள்ளைகள் பள்ளி செல்ல வழியின்றித் தெருவில் திரிவதைக் கண்டு, இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் ஆறே பேர். நாளடைவில் பிள்ளைகளின் எண்ணிக்கை சில நூறாகப் பெருகியது. ஊரார் மகிழ்ந்து புதிய கட்டடமும் எழுப்பினர். ஆனால் நடந்தது என்ன? தலைமையாசிரியர் பதவிக்கு வெளியிலிருந்து ஓர் ஆணை அழைத்து வந்து, கிளாராவின் சம்பளத்தைப் போல் இரு மடங்கு அவருக்குக் கொடுத்தனர். தம் கையால் நட்டு நீரூற்றி வளர்த்த மரத்தின் கனியைப் பிறர் பறித்துக்கொண்டது போலாயிற்று. மனம் நொந்து, உடலும் நலிந்து, பேசும் குரலையும் இழந்த நிலையில், 1854-ஆம் ஆண்டு அவர் அவ்வேலையைத் துறந்தார்.

பின்னர் தலைநகர் வாஷிங்டன் சென்றார். அங்கே காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 1,400 டாலர் சம்பளம். ஆண் எழுத்தர்கள் பெற்ற அதே தொகை! அரசு அலுவலகத்தில் ஒரு பெண் இவ்வாறு சமமாக அமர்ந்தது அந்நாளில் பெரும் அதிசயம். உடன் வேலை செய்த ஆண்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அவர் வரும் வழியில் வரிசையாக நின்று முகத்தில் சுருட்டுப் புகையை ஊதினர். அவர் நடத்தையைப் பற்றி இழிவான பேச்சுகளைப் பரப்பினர். அவரோ தலை குனியாமல் தம் மேசைக்குச் சென்று வேலையைத் தொடர்ந்தார். ஆயினும், பெண்கள் அலுவலகத்தில் இருப்பதை விரும்பாத உயரதிகாரிகளால் அவரது நிரந்தரச் சம்பளம் பறிபோயிற்று. நூறு சொற்களுக்குப் பத்து சென்ட் என்ற கூலிக்கு நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

1861-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. கூலியில் கண்டிப்பு காட்டிய அதே அம்மையார், இப்போது கூலி ஏதும் பெறாமல் மருந்தும் உணவும் வண்டியிலேற்றிப் போர்முனைக்கே சென்றார். 1862 செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒரு வீரனுக்கு உதவிக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டு அவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரனைக் கொன்றது. அதன் பின்னும் அவர் களத்தை விட்டு அகலவில்லை. போர்க்களத்தின் வானதூதர் என்று மக்கள் அவரைப் போற்றினர். போர் முடிந்த பின், காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் நடத்தி, 22,000-க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்று கண்டறிந்து அவர்தம் குடும்பத்தாருக்குத் தெரிவித்தார்.

1869-ஆம் ஆண்டு ஐரோப்பா சென்றபோது செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி அறிந்தார். நாடு திரும்பி அயராது முயன்று, 1881-ஆம் ஆண்டு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1904 வரை அதன் தலைவியாக இருந்து, வெள்ளத்திலும் புயலிலும் தவித்தோருக்கு உதவினார். 1912 ஏப்ரல் 12-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கண்ட அநீதியை நீக்கும் சட்டம் அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டுதான் வந்தது. நம் பாரத நாட்டின் அரசியலமைப்பு, சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் நெறியை 1950-லேயே ஏற்றுக்கொண்டது. 1976-ஆம் ஆண்டு அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் வயலில் நாள் முழுதும் குனிந்து உழைக்கும் தாய்மார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவதை இன்றும் நாம் காண்கிறோம்.

அன்புத் தோழியரே! சேவை செய்யும் பெண் பணத்தைப் பற்றிப் பேசலாகாது என்று சிலர் நமக்குச் சொல்லக்கூடும். கிளாரா அம்மையாரின் வாழ்க்கை அதற்கு நல்ல விடை தருகிறது. நாமாக மனமுவந்து கொடுப்பது தியாகம். நம்மிடமிருந்து பிறர் பிடித்துக்கொள்வது அநீதி. இரண்டும் ஒன்றல்ல. உழைப்பவருக்குரிய கூலியை மறுப்பது பெரும் பாவம் என்றே நம் திருச்சபையும் போதிக்கிறது. நாளை நாம் ஆசிரியையாகவோ, செவிலியாகவோ, எழுத்தராகவோ பணியில் அமரும்போது, ஏழைக்கு நம் கரம் தாராளமாய்த் திறக்கட்டும்; அநீதிக்கு முன் நம் தலை நிமிர்ந்தே நிற்கட்டும்!