வள்ளல் அழகப்பரும் மாமாவின் பேட்டரியும்



இந்தச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழய்யா சொன்னாங்க. காந்தி, நேரு, காமராசர் எல்லாரையும் போன தடவைகளிலேயே எழுதியாச்சு. யாரை எழுதலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தப்போ எனக்கு வழி காட்டியது ஒரு பேட்டரி! சிரிக்காதீங்க, முழுசாப் படிங்க.

எங்க மாமா ராணுவத்தில் இருக்காங்க. ஆடித்தபசுக்கு லீவில் ஊருக்கு வந்தப்போ லடாக் கதையெல்லாம் சொன்னாங்க. அங்கே குளிர்கால ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் போகுமாம். வாளித் தண்ணீர் கல்லாயிடுமாம். விளக்கு எரிக்க சோலார் பேனலும் லித்தியம் பேட்டரியும் வச்சிருந்தாங்களாம். காலையில் வெயில் பளீர்னு அடிக்கும். பேனலில் மின்சாரம் வரும். ஆனா பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாதாம்! பழுதாகிப் போச்சோன்னு நினைச்சுக் கூடாரத்துக்குள்ளே கொண்டுபோய் வச்சா, மத்தியானம் தானாவே ஏற ஆரம்பிச்சிடுமாம். நீ சயின்ஸ் குரூப்தானே, இது ஏன்னு சொல்லு பார்ப்போம்னு மாமா கேட்டாங்க. நான் திருதிருன்னு முழிச்சேன்.

மறுநாள் வேதியியல் சாரிடம் ஓடினேன். சார் விளக்கம் சொல்லிட்டு என்னைத் திருப்பிக் கேட்டாங்க: இதைப் பற்றியே ஆராய்ச்சி செய்ற மத்திய அரசு நிறுவனம் நம்ம தமிழ்நாட்டில்தான் இருக்கு, எந்த ஊர் தெரியுமா? சென்னை என்றேன். இல்லையாம். கோயம்புத்தூர் என்றேன். அதுவும் இல்லையாம். காரைக்குடியாம்! எனக்குக் காரைக்குடின்னா செட்டிநாட்டுச் சமையலும் பெரிய பெரிய வீடுகளும்தான் தெரியும். அங்கே எப்படி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது? அந்தக் கேள்விக்குப் பதில்தான் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

பிறப்பும் படிப்பும்

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் பிறந்தார். தந்தை ராமநாதன் செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு கப்பலேறி லண்டன் போய் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஒரு வங்கியில் பயிற்சி எடுத்துக்கொண்டார். அதோடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். நம்மில் எத்தனை பேருக்கு சைக்கிள் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியும்?

ஊருக்குத் திரும்பியவர் வக்கீலாக உட்காரவில்லை. தொழிலில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூர் பக்கம் நெசவாலை தொடங்கினார். அந்த இடம் இன்றைக்கும் அழகப்பா நகர் என்றே அழைக்கப்படுகிறது. மலேயாவில் ரப்பர் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், இன்சூரன்ஸ், விமான கம்பெனி என்று அவர் கை வைக்காத தொழில் குறைவு. பிரிட்டிஷ் அரசாங்கம் சர் பட்டம் கொடுத்தது. நாடு சுதந்திரம் அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் துறந்துவிட்டார்.

கொடுக்கத் தொடங்கினார்

சம்பாதித்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. அழகப்பர் வேறு மாதிரி. 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். கிண்டியில் இன்றைக்கும் இருக்கிற ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி அப்படித்தான் வந்தது. ஏ.சி. என்றால் குளிர்சாதனம் இல்லை நண்பர்களே, அழகப்பச் செட்டியார்!

1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம் நடந்தது. செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். நாம என்ன செய்வோம்? யோசிச்சுச் சொல்றேன்னு நழுவிடுவோம். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் வகுப்பும் தொடங்கிவிட்டது. பின்னால் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று வரிசையாக வந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார்.

300 ஏக்கரும் 15 லட்சமும்

இப்போதுதான் மாமாவின் பேட்டரி கதைக்குள் வருது. சுதந்திரம் வந்த சமயத்தில் விஞ்ஞானி சாந்தி சொரூப் பட்நாகர் நாடு முழுவதும் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் பெரிய ஊர்களும் எனக்கு உனக்கு என்று போட்டி போடுகிற காலம். காரைக்குடியோ நம்ம சங்கரன்கோவில் மாதிரியே வானம் பார்த்த பூமி. அங்கே மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வர வேண்டும் என்று அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்!

1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்து வைத்தார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, உலோக முலாம், பேட்டரி என்று பல ஆராய்ச்சிகள் அங்கே நடக்கின்றன.

1956-இல் அழகப்பருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆனா நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். மறுநாள் அவருக்கு 48-ஆவது பிறந்தநாள். ஒரே ஒரு நாள் குறைவு! அந்த வரியைப் படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

சார்ஜ் ஏன் ஏறவில்லை?

லித்தியம் அயனி பேட்டரி கடைக்கு வந்ததே 1991-இல்தான். அழகப்பர் அதைப் பார்க்கவே இல்லை. ஆனா அவர் நிலம் கொடுத்த அதே நிறுவனம்தான் நம் நாட்டிலேயே உருவாக்கிய லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தை 2018-இல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. நேரு அடிக்கல் நாட்டி சரியாக 70 வருஷம்!

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். சார் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுறேன்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள்ளே போய் உட்கார வேண்டும். நம்ம பென்சில் முனையில் இருக்கிறதே, அதுதான் கிராஃபைட். ஆடித்தபசுக் கூட்டத்தை நினைச்சுக்கோங்க. கோயில் வாசல் நல்லா திறந்திருந்தால் கூட்டம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும். வாசலைப் பாதி சாத்திவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? எல்லாரும் வாசலிலேயே நெருக்கி நிற்பார்கள். கடுங்குளிரில் கிராஃபைட்டின் வாசல் அப்படித்தான் ஆகிவிடுகிறது. உள்ளே போக முடியாத அயனிகள் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது, அதனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அந்த உலோகம் ஊசி மாதிரி வளர்ந்து இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும்.

அதனால்தான் நல்ல லித்தியம் பேட்டரிக்குள் ஒரு சின்ன மின்னணுக் காவல்காரன் இருக்கும். 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜை நிறுத்திவிடும். ஆனா பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதை மைனஸ் 20 வரைக்கும்கூட அனுமதிக்கும். அதனால்தான் மாமாவுக்கு ராத்திரி விளக்கு எரிஞ்சது, காலையில் சார்ஜ் ஏறலை. பேட்டரி பழுதாகவில்லை, தன்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது!

இன்னொரு வேடிக்கை. பேனலுக்குக் குளிர்னா கொண்டாட்டம். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய 0.3 சதவீதம் கூடும். 25 டிகிரியிலிருந்து மைனஸ் 10-க்குப் போனால் பத்து சதவீதம் அதிகம். அதைத் தாங்குகிற சார்ஜ் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்க வேண்டும். வேனையே வீடாக்கிக்கொண்டு குளிர்ப் பிரதேசம் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான்: பேட்டரியை வெளியே மாட்டாமல் ஆள் இருக்கும் இடத்துக்குள் வைக்கணும். குளிர் தாக்காத பெட்டியில் மூடணும். பேனல் மின்சாரத்தால் முதலில் பேட்டரியைச் சூடாக்கி, பிறகு சார்ஜ் ஏற்றணும். காவல்காரன் இல்லாத பேட்டரியை உறைகுளிரில் சார்ஜ் போடவே கூடாது.

மாமாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். நல்லாப் படி, நீயே காரைக்குடிக்குப் போகலாம்னு சொன்னாங்க. சும்மா சொன்னாங்களோ என்னமோ, எனக்கு அது மனசில் ஒட்டிக்கிச்சு. அந்த நிறுவனத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பி.டெக். படிப்பும் நடக்குதுன்னு சார் சொன்னாங்க. எங்க வீட்டில் தறி ஓட்டுறாங்க. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல என்னை எங்கே அனுப்புறதுன்னு அப்பாவும் அம்மாவும் ராத்திரி மெதுவாப் பேசிக்கிறது என் காதில் விழும். இந்தக் கட்டுரையின் நகல் ஒண்ணை அப்பாவிடம் கொடுத்திருக்கேன். இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஆனா மடிச்சுச் சட்டைப்பையில் வச்சிருக்காங்க.

நண்பர்களே, பேட்டரி பகலில் வாங்கியதை இரவில் கொடுக்கிறது. அழகப்பர் தன் பகலில் சேர்த்ததை, தான் பார்க்காத தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போனார். பொட்டல் காட்டில் அவர் கொடுத்த இடத்தில் பிறந்த அறிவு, சங்கரன்கோவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நம்ம வரைக்கும் வந்திருக்கு. அதை வாங்கிக்கொள்வதும், பிறகு திருப்பிக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.



— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு

உங்களுக்குத் தெரியுமா?
லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவருக்குப் பதிலாக மேடையேறி நோபல் உரை ஆற்றியவர், மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்த நம் தமிழர் ஆறுமுகம் மந்திரம்!