மருந்தின் உண்மைப் பெயர்

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றிலே பிறந்தவன் நான். பேராசிரியர் சேனக பிபிலே அவர்களை நான் நேரிற் கண்டதில்லை. எனினும் அன்னாரின் வாழ்க்கையை நினைக்குந்தோறும், என் தந்தையாரின் இடக்கையிலிருந்த தழும்பும் உடன் நினைவுக்கு வருகிறது.

பிபிலே 1920ஆம் ஆண்டிலே பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். எடின்பரோவிலே மருந்தியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானார். எங்கள் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கிய கலாநிதி என். எம். பெரேராவின் சமசமாஜக் கட்சியையே அவரும் சார்ந்திருந்தார்.

ஒரே மருந்து பல வணிகப் பெயர்களைச் சூடிப் பல விலைகளில் விற்கப்படுவதை அவர் கண்டார். மருந்தை அதன் உண்மைப் பெயராலேயே அழைக்கவேண்டும். பயன், தீங்கு, விலை மூன்றையும் நிறுத்துத் தேரவேண்டும் என்பதே அவர் கொள்கை. 1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அறிக்கை வழங்கினார். அதன்வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அவரே அதன் முதல் தலைவர். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் தொகை 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது.

அக்காலத்திலேதான் என் தந்தையாருக்கு உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் கண்டன. தோட்டத்து மருந்துச்சாலையிலே குளோர்பெனிரமின் மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு தணிந்தது, ஆனால் விடியற்காலைப் பெரட்டிலே நிற்கும்போதே அவர் கண்கள் செருகின. பால் வெட்டும் கத்தி மரத்தைத் தவறிக் கையைக் கிழித்தது. சோம்பல் என்றார் கங்காணி. அன்று அரைப்பேரே விழுந்தது. தூக்கம் மாத்திரையினால் வந்ததென்பதை எவரும் சொல்லவில்லை.

காரணம் எளிது. ஹிஸ்டமின் என்னும் பொருள் தோலிலே அரிப்பை எழுப்புகிறது. மூளையிலோ விழிப்பைக் காக்கிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அவ்விழிப்பையும் அடக்கிவிடுகின்றன. எண்பதுகளில் வந்த லொராட்டடீன், செட்டிரிசின் முதலியன மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்கின்றன. செட்டிரிசின் சிலருக்குச் சிறிது தூக்கந் தரலாம். எனினும் பழையதைப் போலன்று. பழையது 4 மணி முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும். இவையோ நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே போதும்.

ஆயினும் புதியதெல்லாம் நல்லதென்று கொள்ளவியலாது. தூக்கந் தராதென்று புகழ்பெற்ற டெர்பெனடீன், சில வேளைகளில் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தமையால் பின்னர் சந்தையினின்றும் நீக்கப்பட்டது. பழையதற்கும் ஊசிமருந்தாக இன்னும் இடமுண்டு. பிபிலே கற்பித்த நிறைகோல் இங்கேதான் பயன்படுகிறது.

1977 செப்டெம்பர் 29ஆம் நாள், கயானாவிலே பணியாற்றச் சென்றிருந்தவிடத்து அவர் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வகுத்தது. குளோர்பெனிரமின் அதிலே இடம்பெற்றது.  பிற்காலத்தில் அவ்விடத்தை லொராட்டடீன் பெற்றது. உண்மைப் பெயரிலே மலிவாகக் கிடைக்கும் நாளில், கத்தி பிடிப்பவனுக்கும் வாகனம் ஓட்டுபவனுக்கும் சரிவிலே கொழுந்தெடுப்பவளுக்கும் அதுவே ஏற்றது.

என் தந்தையார் இறுதிவரை அந்தத் தழும்பைத் தம் கவனக்குறைவென்றே எண்ணியிருந்தார். பேராசிரியரின் வரலாற்றை மாணவருக்குக் கூறும்போதெல்லாம் அவ்வெண்ணம் தவறென்று அவருக்குச் சொல்லாமற் போனேனே என்று வருந்துகிறேன்.